இரவுக் கோப்பைக்கு ரூயிபோஸ்: மலையகத்து அடுப்பில் ஒரு சிவப்புத் தேத்தண்ணி

இலங்கையின் மலையகத்தில் தேத்தண்ணிக்கு நேரங்காலம் கிடையாது. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் இருட்டோடு ஒன்று, மலையில் நிற்கும்போது போத்தலில் கொண்டுபோனது ஒன்று, கொழுந்து நிறுத்து வீடு திரும்பியதும் ஒன்று, யாராவது வந்தால் அவர்களோடு ஒன்று. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகும் கேத்தலில் தண்ணீர் கொதிக்கும். நுவரெலியா, கந்தப்பளை, அக்கரப்பத்தனைப் பக்கம் தை மாதக் குளிரில் சூடாக எதையாவது குடிக்காமல் படுக்கப் போவது கஷ்டம். அந்தக் கடைசிக் கோப்பைக்கு மட்டும் தேயிலையை விட்டுவிட்டு வேறொன்றைக் காய்ச்சுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெரிய கடைகளில் தேயிலைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கிடைக்கிற ரூயிபோஸ் என்ற தென்னாப்பிரிக்கச் செடியின் இலை அதற்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் தேயிலைக்குப் பழகிய கை அதே பழக்கத்தில் இதைக் காய்ச்சினால் பெரும்பாலும் சப்பென்றுதான் வரும். ஒரு தடவை குடித்துப் பார்த்துவிட்டு, வெந்நீருக்குச் சாயம் பூசினதுபோல இருக்கு என்று பெட்டியை மூலையில் வைத்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அந்தப் பெட்டியை மறுபடி எடுக்க ஒரு காரணம் இருக்கிறது.

முதலில், கடைசிக் கோப்பையை ஏன் மாற்ற வேண்டும்? ஒரு சாதாரணக் கோப்பைத் தேத்தண்ணியில், அதாவது 200 மில்லிலீற்றரில், நித்திரையைக் கலைக்கும் கஃபீன் ஏறக்குறைய 40 முதல் 50 மில்லிகிராம் இருக்கும். டஸ்ட் என்கிற பொடித் தூளை அள்ளிப்போட்டுக் கறுக்கச் சாயம் இறக்கினால் அதைவிடக் கூடும். உடம்பில் ஏறிய கஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. இரவு எட்டு மணிக்குக் குடித்ததில் பாதி நடுச்சாமம் தாண்டி ஒரு மணிக்கும் உள்ளேதான் இருக்கிறது என்று அர்த்தம். விடிய நாலரைக்கு எழும்பி ரொட்டி தட்டிவிட்டு மலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு அந்த நித்திரை எவ்வளவு பெறுமதியானது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் இந்தக் கணக்கு இன்னும் மாறும். கடைசி மாதங்களில் கஃபீன் பாதியாகக் குறையவே 15 மணி நேரம் வரை எடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. ஐந்தாவது கோப்பையிலேயே நம் வீட்டுப் பெண்கள் அதைத் தொட்டுவிடுவார்கள். வீட்டுத் தோட்டத்துக் கோப்பிக்கு மாறினாலும் பயனில்லை, அதில் கஃபீன் இன்னும் அதிகம்.

கஃபீன் நீக்கிய தேயிலை என்று ஒன்றும் விற்கிறார்கள். அது நம் தேயிலையேதான், ஆலையில் கஃபீனைப் பிரித்தெடுத்துவிட்டு வருவது. எவ்வளவு பிரித்தாலும் கொஞ்சம் மிஞ்சும், வாசனையிலும் ஒரு பங்கு போய்விடும். ரூயிபோஸ் அந்த வகை இல்லை. அந்தச் செடியில் பிறவியிலேயே கஃபீன் கிடையாது.

அது தேயிலைக்குச் சொந்தமும் கிடையாது. அவரை, பயறு, ஆவாரை இவையெல்லாம் சேர்ந்த குடும்பத்தில் பிறந்த ஒரு புதர். இலை ஊசி ஊசியாக இருக்கும், சின்ன மஞ்சள் பூ பூக்கும். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் சீடர்பெர்க் மலைகளும் அதைச் சுற்றியுள்ள நிலமும்தான் அதற்கு வீடு. கிளான்வில்லியம் என்ற சிறிய ஊர் அந்த வியாபாரத்தின் நடுமையம். மணல் மண், புளிப்புத்தன்மை உள்ள மண், சத்துக் குறைந்த மண். மழை குளிர்காலத்தில் மட்டும் பெய்யும், அதுவும் வருடத்துக்கு 200 முதல் 450 மில்லிமீற்றர் அளவில். கோடை முழுக்க வறட்சி. செடி தன் ஆணிவேரை ஆழமாக இறக்கி அந்த வறட்சியைத் தாண்டும். அவரைக் குடும்பத்துக்கு உரிய வேர் முடிச்சுகளால் காற்றிலிருக்கும் நைதரசனைத் தானே பிடித்துக்கொள்ளும்.

மலையகத்தில் இதை நட்டு வளர்க்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. தேயிலையும் வெளியிலிருந்து வந்ததுதானே, 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் வைத்தது பிடித்துக்கொள்ளவில்லையா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தேயிலை மழையை விரும்பும் செடி. நமக்கு இரண்டு பருவமழை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றர் அளவுக்குக் கொட்டுகிறது. அந்த ஈரத்தில், நம்முடைய கனத்த செம்மண்ணில், ரூயிபோஸ் வேர் அழுகிப்போகும். வேறு நாடுகளிலும் முயன்று பார்த்திருக்கிறார்கள். வியாபார அளவில் சீடர்பெர்க்கை விட்டு அது எங்கும் நகரவில்லை.

பறிப்பதும் வேறு மாதிரி. நாம் வாரத்துக்கு ஒரு தடவை அதே மலைக்கு வந்து இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுகிறோம். அங்கே வருடத்துக்கு ஒரு தடவைதான் அறுவடை, அவர்களுடைய கோடையில். அரிவாளால் புதரின் மேல்பகுதியை, கிட்டத்தட்ட நாம் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துப்போல, ஒட்ட அறுத்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார்கள். இலையும் மெல்லிய தண்டும் சேர்ந்தே நறுக்கப்படும். ஒவ்வொரு துண்டும் சில மில்லிமீற்றர் நீளம். அதை நசுக்கி, தண்ணீர் தெளித்து, திறந்த வெளியில் குவித்து வைப்பார்கள். இரவு முழுக்க அந்தக் குவியல் உள்ளுக்குள் சூடேறும். பச்சையாக இருந்தது செங்கல் நிறத்துக்கு மாறும், தேன் வாசனை எழும்பும். காலையில் வெயிலில் பரப்பிக் காயவைத்து, சலித்து, கிருமி போக நீராவி காட்டிப் பெட்டியில் அடைப்பார்கள். பேக்டரியில் வேலை செய்தவர்களுக்கு இது விளங்கச் சிரமமே இல்லை. ரோலரில் அரைபட்ட கொழுந்து மேசையில் கிடந்து செம்பு நிறமாகிறதே, அதே காற்றுதான் அங்கேயும் வேலை செய்கிறது. குவித்து வைக்காமல் உடனே காயவைத்தால் பச்சை ரூயிபோஸ் கிடைக்கும். அது விலை கூடியது, சுவை மெலிந்தது. இரவில் குடிக்கச் சிவப்புதான் நல்லது.

காய்ச்சுவதற்கு வருவோம்.

தேயிலைத் தூள் சீக்கிரம் இறங்கும். டஸ்ட் என்றால் ஒரு நிமிஷம் போதும். பெரிய இலை என்றாலும் மூன்று, நான்கு நிமிஷம். அதற்குமேல் விட்டால் துவர்த்து நாக்கைப் பிடிக்கும், அதனால் கை தானாகவே வடியைத் தேடும். இது சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகின அவசரம். ரூயிபோஸுக்கு இந்த அவசரம் ஆகாது. அது தண்டும் ஊசி இலையும், பாதி விறகு. வெந்நீர் அதற்குள் போய்ச் சுவையை வெளியே கொண்டுவர நேரம் வேண்டும். துவர்ப்பைத் தரும் பொருள்கள் அதில் தேயிலையைவிட மிகக் குறைவு. எனவே பத்து நிமிஷம் கிடந்தாலும் கசக்காது, இருபது நிமிஷம் கிடந்தாலும் கசக்காது. கேப் பகுதிப் பண்ணை வீடுகளில் பழைய வழக்கப்படி பானையை அடுப்போரத்திலேயே நாள் முழுக்க விட்டுவைப்பார்கள், குறையக் குறையத் தண்ணீரும் இலையும் சேர்த்துக்கொள்வார்கள். நாம் கொத்தமல்லியும் இஞ்சியும் அவிப்பது எப்படியோ அப்படியே இதையும் நினைத்துக்கொண்டால் பாதிப் பிழை தீர்ந்துவிடும். கஷாயம் வைக்கத் தெரிந்த வீட்டில் ரூயிபோஸ் கெட்டுப்போக வாய்ப்பில்லை.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அது நம் ஊருக்கே உரியது. பெட்டியின் பின்பக்கத்தில் 'கொதிக்கும் நீரில் 5 முதல் 7 நிமிடம்' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தக் குறிப்பு எழுதியவர்களுடைய கொதிநீர் 100 பாகை செல்சியஸ். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீற்றர் ஏறும்போதும் தண்ணீர் கொதிக்கும் சூடு சுமார் ஒரு பாகை இறங்கும். கண்டியில் அது 98 பாகையளவில் நிற்கும். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் ஏறக்குறைய 96. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே 94 பாகையிலேயே தளதளவென்று கொதித்துவிடும். வெட்டிய தேயிலைக் கிளையான மிலாறு எவ்வளவு எரித்தாலும், எவ்வளவு கேஸ் கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. தேயிலைத் தூளுக்கு இந்த ஆறு பாகை பெரிய வித்தியாசம் செய்யாது, அது எப்படியும் இறங்கிவிடும். தண்டும் சேர்ந்த ரூயிபோஸுக்குச் செய்யும். அதோடு குளிரில் வைத்திருந்த கோப்பையில் அந்தத் தண்ணீரை ஊற்றினால், ஊற்றின மாத்திரத்தில் இன்னும் பத்துப் பாகை போய்விடும். பிறகு பையைத் தொங்கவிட்டு மூன்று நிமிஷத்தில் எடுத்தால் சப்பென்று இருக்காமல் வேறு எப்படி இருக்கும்?

ஆகவே நுவரெலியாப் பக்கத்துக்கு என் சிபாரிசு, கோப்பையில் ஊறவைப்பதை விட்டுப் பாத்திரத்தில் காய்ச்சுவது. ஒரு லீற்றர் தண்ணீருக்குக் கூம்பாக அள்ளிய ஐந்து தேக்கரண்டி ரூயிபோஸ், அதாவது 12 கிராம் அளவு. தண்ணீர் கொதி வந்ததும் இலையைப் போட்டு, மூடியை மூடி, நெருப்பைத் தணித்து, மெல்லக் குமிழி வரும் நிலையில் பத்து நிமிஷம் விடுங்கள். மூடி முக்கியம். மூடாவிட்டால் தேன் வாசனை வீடெல்லாம் பரவும், கோப்பையில் இருக்காது. இறக்கி வைத்து மேலும் ஐந்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும். நிறம் நன்றாகச் சிவந்து, பால் ஊற்றாத சாயத்தண்ணி மாதிரித் தெளிவாக வந்திருந்தால் சரி. வெளிர் ஆரஞ்சாக இருந்தால் இன்னும் ஐந்து நிமிஷம் அடுப்பில் வையுங்கள், பயப்பட வேண்டாம். விறகடுப்பு உள்ள வீட்டில் இன்னும் சுலபம். இரவுச் சமையல் முடிந்து தணல் மட்டும் இருக்கும்போது பாத்திரத்தை அதன்மேல் ஏற்றிவிட்டுச் சாப்பிட உட்காரலாம். சாப்பிட்டு எழும்பும்போது பதமாக இருக்கும்.

வடிகட்டுவதில் கவனம் வேண்டும். ரூயிபோஸ் துண்டுகள் ஊசிபோல மெல்லியவை, சாதாரணத் தேத்தண்ணி வடியின் கண்ணுக்குள்ளால் நழுவி வந்துவிடும். கண் நெருக்கமான வடி வேண்டும், இல்லையென்றால் சுத்தமான மெல்லிய துணி.

பைகளாக வாங்கினவர்கள் ஒரு பெரிய கோப்பைக்கு இரண்டு பை போடுங்கள். கோப்பையை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு கொதிநீரை ஊற்றி, மேலே ஒரு சோசரைக் கவிழ்த்து, பத்து நிமிஷம் பொறுங்கள். கண்டி, மாத்தளை போன்ற தாழ்ந்த இடங்களில் ஏழெட்டு நிமிஷம் போதும். பச்சைத் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்துக் குடிக்கும் பழக்கம் சில நாடுகளில் வந்திருக்கிறது. வெளியில் பரப்பிக் காயும் பொருளை நன்றாகக் கொதிக்கவைத்தே குடிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. குளிராக வேண்டுமென்றால் காய்ச்சி ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், இரண்டு நாள் நன்றாக இருக்கும். வடிகட்டிச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றினால் விடியும்வரை சூடும் சுவையும் அப்படியே நிற்கும். இலை வடிந்த பிறகும் தேத்தண்ணி போத்தலில் கறுத்துக் கடுத்துப் போவதுபோல் இது போவதில்லை. சுகமில்லாமல் இராத்திரியில் விழித்து விழித்துக் கிடக்கும் முதியவர்கள் உள்ள வீட்டில் இது எவ்வளவு உதவி என்பதை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாதாரண தரப் பரீட்சைக்கு விழித்திருந்து படிக்கும் பிள்ளைக்கு மட்டும் இதைக் கொடுத்துப் பயனில்லை, இது கண்ணைத் திறக்க வைக்காது.

சுவை என்று பார்த்தால், நாக்கின் ஓரத்தைச் சுண்டி இழுக்கிற அந்த உயர்நிலத் தேயிலையின் துடிப்பு இதில் இல்லை. அதைத் தேடினால் ஏமாற்றம்தான். ரூயிபோஸின் இனிப்பு மெல்லியது, தேனும் காய்ந்த வைக்கோலும் கலந்த வாசனை, கொஞ்சம் மரவாசனை, தொண்டையில் வழுவழுவென்று இறங்கும். இயல்பிலேயே இனிப்புச் சாயல் இருப்பதால் சீனி பாதியாகப் போதும். சீனி வியாதிக்காரர் உள்ள வீடுகளுக்கு இது நல்ல செய்தி. கித்துள் கருப்பட்டியில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தால், இதற்காகவே அது செய்யப்பட்டதோ என்று தோன்றும், அவ்வளவு பொருத்தம்.

பால்மாவும் சேரும். செவ்வரத்தை வகையில் புளிச்சைப் பூவில் செய்கிற சிவப்பு பானத்தில் பாலை ஊற்றினால் திரிந்துவிடும், அது புளிப்பு. ரூயிபோஸ் புளிப்பில்லாதது, பால் திரியாது. ஆனால் பால் ஊற்றுவதென்றால் இலையைக் கூட்டிப்போட்டு, பதினைந்து நிமிஷம் காய்ச்சிக் கெட்டியாக எடுக்க வேண்டும். பால்மாவைத் தனியாகக் கொஞ்சம் வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சேருங்கள். கறுவாவும் ஏலமும் இஞ்சியும் மூன்றுமே இதோடு ஒத்துப்போகும், மூன்றையும் ஒன்றாகப் போட்டால்தான் ரூயிபோஸ் காணாமல் போய்விடும். எனக்குக் கேட்டால் கறுவா மட்டும், ஒரு விரல் நீளத் துண்டு, தண்ணீர் கொதிக்கும்போதே போட்டுவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ரூயிபோஸ் என்ற பெயர் அந்தப் பிரதேசத்துக்கே உரியதாக 2021-இல் பதிவானது, இலங்கைக் கறுவாவின் பெயர் 2022-இல் பதிவானது. தத்தம் மண்ணின் பெயரை அடுத்தடுத்த வருடங்களில் காப்பாற்றிக்கொண்ட இரண்டும் ஒரே பாத்திரத்தில் கொதிப்பதை நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

நித்திரையைவிடவும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது இரும்புச்சத்து. இரத்தசோகை தோட்டப்புறப் பெண்களிடம் பழைய நோய். கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கும்போதெல்லாம் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கின்றன. இறைச்சி அடிக்கடி வாங்க முடியாத, பருப்பும் கீரையும் ரொட்டியுமாகச் சாப்பிடுகிற வீட்டில் இது நேரடி நட்டம். தென்னாப்பிரிக்காவில் 1979-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு இரும்போடு வெவ்வேறு பானங்களைக் கொடுத்து அளந்தார்கள். தண்ணீரோடு கொடுத்தபோது சராசரியாக 9.34 வீதம் இரும்பு உடம்பில் சேர்ந்தது. ரூயிபோஸோடு 7.25 வீதம். சாதாரணத் தேத்தண்ணியோடு 1.70 வீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் இடைவெளி சிறியதல்ல. சாப்பாட்டோடு சூடாக ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பவர்கள் அந்த நேரத்துக் கோப்பையில் தேயிலையை ரூயிபோஸாக மாற்றிக்கொள்ளலாம். குளிசையை மட்டும் தண்ணீரோடே விழுங்குங்கள்.

கைக்குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1968-இல் அனிக் தெரோன் என்ற தென்னாப்பிரிக்கத் தாய், ஓயாமல் அழுத தன் குழந்தையின் பாலை ரூயிபோஸில் கலந்து சூடாக்கிக் கொடுத்ததில் அமைதியானது என்று எழுதப்போய்த்தான் அந்த நாட்டில் இது வீட்டுக்கு வீடு பிரபலமானது. அந்தக் கதையை வைத்துக்கொண்டு பச்சைக்குழந்தைக்கு ஊட்ட வேண்டாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும்தான். ஆனால் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்குச் சூப்பிப் போத்தலில் சாயத்தண்ணி கொடுக்கும் பழக்கம் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இன்னும் இருக்கிறதே, அந்தப் பழக்கம் போக வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் குளிருக்குச் சூடாக ஏதாவது வேண்டுமென்றால் சீனி போடாத மெல்லிய ரூயிபோஸ் தேயிலையைவிட எவ்வளவோ மேல்.

பெட்டியில் எழுதியிருக்கும் மற்ற மகிமைகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கல்சியம், மக்னீசியம் என்று பட்டியல் போட்டிருப்பார்கள், ஒரு கோப்பையில் அவை இருக்கும் அளவு மிகச் சொற்பம். அஸ்பலாதின் என்ற பொருள் இந்தச் செடிக்கே உரியது, அது உண்மை. ஆனால் சிவப்பாக மாறும்போது அதில் பெரும்பங்கு குறைந்துவிடும். இதயநோய் வர வாய்ப்புள்ள 40 பேருக்குத் தினமும் 6 கோப்பை வீதம் 6 வாரம் கொடுத்துப் பார்த்த ஒரு தென்னாப்பிரிக்க ஆய்வில் இரத்தக் கொழுப்பு அளவுகள் நல்ல பக்கம் நகர்ந்தன. அதை நம்பி யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஈரல் நோய்க்கு மருந்தெடுப்பவர்கள் தினமும் பல கோப்பை குடிக்குமுன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தச் செடியின் பின்னால் இருக்கும் மனிதர்களையும் நாம் அறிந்திருக்க வேண்டும், நாம் ஒரு கொழுந்துச் சமூகம் என்பதால். சீடர்பெர்க்கில் இதை முதலில் அறிந்தவர்கள் கோய், சான் என்ற பூர்வகுடி மக்கள். 1904 அளவில் ரஷ்யாவிலிருந்து குடியேறிய பெஞ்சமின் கின்ஸ்பெர்க் அவர்களிடம் இலையை வாங்கி வியாபாரம் தொடங்கினார். காட்டில் விளைந்ததை வெட்டிவருவதுதான் அப்போதைய வழி, ஏனென்றால் விதை முளைக்க மறுத்தது, கிடைப்பதும் அரிது. 1930 வாக்கில் கிளான்வில்லியத்தின் வைத்தியர் லே ஃப்ராஸ் நோர்டியர் விதையின் மேல்தோலைக் கீறி முளைக்கவைக்கும் வழியைக் கண்டார். எறும்புகள் விதைகளைப் புற்றுக்குள் சேமிக்கின்றன என்பதைக் கவனித்துச் சொன்னது அந்த ஊர்ப் பெண்ணொருத்தி என்று அங்கே சொல்கிறார்கள். விதை கிடைத்ததும் தோட்டங்கள் பெருகின. இரண்டாம் உலகப் போரில் ஆசியாவின் தேயிலை அங்கே போய்ச் சேரத் தட்டுப்பாடு வந்தபோது ரூயிபோஸுக்குக் கிராக்கி ஏறியது, போர் முடிந்ததும் விலை விழுந்தது. நம் மலைகளிலிருந்து கப்பல் போகாத வருடங்களில் அவர்கள் பிழைத்தார்கள், போகத் தொடங்கியதும் அடிபட்டார்கள். 1954-இல் அரசு ஒரு கட்டுப்பாட்டுச் சபை அமைக்க வேண்டி வந்தது.

லாபம் யாருக்குப் போனது என்ற கதை நமக்குப் புதிதல்ல. நிலத்தில் பெரும்பகுதி வெள்ளையினப் பண்ணையாளர்களிடம் சேர்ந்தது, அறிவைக் கொடுத்தவர்கள் அதே நிலத்தில் கூலிகளானார்கள். வுப்பெர்தால் போன்ற மலைக் கிராமங்களில் சிறு விவசாயிகள் கையகல நிலத்தில் இன்றும் பயிரிடுகிறார்கள். 2018 கடைசியில் அந்தக் கிராமத்தை ஒரு பெருந்தீ எரித்துவிட்டுப் போனது, மறுபடி எழும்பியிருக்கிறார்கள். 2019-இல் ஓர் ஒப்பந்தம் வந்தது. பண்ணை வாசலில் இலைக்குக் கிடைக்கும் விலையில் 1.5 வீதம் கோய், சான் மக்களுக்குப் போக வேண்டும். தொகை சின்னது. இருந்தாலும் ஒரு முழுத் தொழில்துறை, இந்த அறிவு உங்களுடையது என்று எழுத்தில் ஒத்துக்கொண்டு பணம் கட்டுகிறது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இந்த மலைகளைத் தேயிலையாக்கிய நம் மக்கள் அந்த ஒப்பந்தத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தோட்டத்தின் லாபத்தில் தொழிலாளிக்குப் பங்கு என்று பேசும்போது உலகத்தில் எங்கே நடந்திருக்கிறது என்று கேட்பார்கள். விஷயம் வேறு வேறுதான், ஆனால் கைநீட்டிக் காட்ட ஓர் இடம் இருக்கிறது.

இறக்குமதிப் பொருள் என்பதால் ரூயிபோஸ் விலை கூடியது. தோட்டத்தில் மாதாமாதம் தேயிலைத் தூள் கொடுக்கிற வீட்டில் இன்னொரு பெட்டிக்குக் காசு கொடுப்பது எல்லோராலும் ஆகாது, அதை ஒளிக்கத் தேவையில்லை. வாங்க முடிந்தவர்கள் பையை விட உதிரியாக வாங்கினால் கிராமுக்கு மலிவாக வரும். மூடி இறுக்கமான டின்னில், அடுப்பு ஈரமும் மசாலா வாசனையும் படாத இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. மழைக்கால மூடுபனியில் திறந்து வைத்தால்தான் பூசணம் பிடிக்கும்.

வாங்க முடியாதவர்களுக்கு இரவுக் கோப்பை இல்லாமல் போகாது. பெலிமல், அதாவது காய்ந்த வில்வம்பூ, ஹட்டனிலும் வெலிமடையிலும் எந்தச் சில்லறைக் கடையிலும் சின்னப் பைகளில் தொங்கும். அதிலும் கஃபீன் இல்லை. நிறமும் செம்பழுப்பாக இறங்கும், வாசனை ரூயிபோஸைவிட எழுப்பமானது. நான்கு கோப்பைத் தண்ணீருக்கு ஒரு சின்னக் கைப்பிடி பூ, மூடிவைத்து மெல்லிய நெருப்பில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், பிறகு கருப்பட்டித் துண்டோடு. கொத்தமல்லி என்றால் மண்சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, தட்டிய இஞ்சியோடு, தண்ணீர் முக்கால் பங்காக வற்றும்வரை அவிக்க வேண்டும். ஆவாரம்பூவும் இந்த வரிசையில் வரும், ரூயிபோஸுக்குக் குடும்ப வழியில் சொந்தமும்கூட. ஆனால் அது மருந்துக் குணம் உள்ளது, தினமும் குடிக்கும் தண்ணியாக அதை நான் வைப்பதில்லை. பெலிமல்லையும் ரூயிபோஸையும் பாதிக்குப் பாதி கலந்து காய்ச்சினால் பெட்டி இரண்டு மடங்கு நாள் வரும், ருசியும் குறையாது. கலப்பதென்றால் ரூயிபோஸை முதலில் போட்டு ஐந்து நிமிஷம் கழித்துப் பூவைப் போடுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் பதமாகும்.